அப்பா போட்ட துண்டு

டோக்கியோவில் எனக்கு வேலை. என்னைப் பார்க்க வந்த அப்பா, நான் ஊர் சுற்றிக் காட்டிய நாளெல்லாம் என் உயிரை வாங்கினார். கோபுரத்தில் ஏறினால் தலை சுற்றுகிறது, கோயிலுக்குப் போனால் திருநீறு தரவில்லை என்று ஒரே புலம்பல்.

அதாவது பரவாயில்லை. ஒரு நாள் ரயிலுக்கு வரிசையில் நின்றவர்களை முந்திக்கொண்டு பெட்டிக்குள் பாய்ந்தார். தான் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் தோள் துண்டை விரித்துப்போட்டு, "ஏட்டி, இங்கன வா! ஒனக்கு எடம் போட்டிருக்கேன்!" என்று கத்தினார். மூச்சுச் சத்தம்கூடக் கேட்காத பெட்டி அது. எனக்கு மானமே போயிற்று.

"இது என்ன நம்ம விக்கிரமசிங்கபுரம் பஸ்ஸாப்பா? துண்டை எடுங்க!"

"பொறவு நின்னுக்கிட்டேவா வருவ?" என்று முனகிக்கொண்டே எடுத்தார். நான் உட்காரவே இல்லை.

போன மாதம் லீவில் ஊருக்கு வந்தேன். அழைத்துப்போக அப்பா வந்திருந்தார். திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் பஸ் வந்து நின்றதும் ஒரே தள்ளுமுள்ளு. "இறங்குறவங்களுக்கு வழி விடுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? என்னை இடித்துத் தள்ளிவிட்டு ஏறினார்கள். எரிச்சலோடு கடைசி ஆளாக ஏறினேன். காலை ஊன்றக்கூட இடமில்லை.

"எம் மவ வருதால்லா, தள்ளி நில்லும்வே!"

அப்பாதான். பக்கத்து சீட்டில் அதே துண்டு.

உட்கார்ந்தேன். டோக்கியோவில் எத்தனையோ ரயிலில் போயிருக்கிறேன். அங்கே எனக்கென்று ஒருவர் இடம் பிடித்து வைத்தது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்குத்தான் நான் நின்றுகொண்டே போனேன்.