துப்பறியும் பெண்ணுக்கு அம்மா இல்லை

என் மகள் படிக்கும் காமிக்ஸ் புத்தகங்களில் ஒருத்தி வருகிறாள். தனியார் துப்பறிவாளர். கழுத்தோடு வெட்டிய முடி, தோளில் ஒரு பை, எப்போதும் மழை பெய்துகொண்டிருக்கும் ஏதோ ஒரு வெளிநாட்டு ஊர். பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் அவளுக்கு அலுவலகம். யாராவது வந்து அழுதுகொண்டே எதையாவது சொல்வார்கள். அவள் உடனே எழுந்து கிளம்பிவிடுவாள். இருட்டுக் கிடங்குக்குள் நுழைவாள், ஓடும் ரயிலில் தொற்றிக்கொள்வாள். சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்க ஆளில்லை. எங்கே போகிறாள் என்று அவளும் யாருக்கும் சொல்வதில்லை. வீட்டிலிருந்த அத்தனை புத்தகங்களையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். ஒரு படத்தில்கூட அவளுடைய அம்மா வரவில்லை. செத்துப்போனதாகவும் சொல்லவில்லை. கதைக்கு அப்படி ஒருத்தி தேவைப்படவே இல்லை.

புத்தகங்களை வாங்கி வருவது என் கணவர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்காலையில், ஃபர்னஸ் என்கிற உலைப் பிரிவில் அவருக்கு வேலை. சென்னைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்பமாட்டார். முதலில் தான் படித்து முடித்துவிட்டுத்தான் மகளிடம் கொடுப்பார். கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பதற்கு இது மேல் என்று நானும் விட்டுவிட்டேன். மகளுக்குப் பதினான்கு வயது. என் உயரம் வந்துவிட்டாள்.

அந்தத் துப்பறியும் பெண் பேசும் தமிழ் உலகத்தில் யாரும் பேசாத தமிழ். இன்னா, ஊடு, பேஜாரு என்று எங்கள் தெருவில் பேசி வளர்ந்த பிள்ளை, துப்பறியும்போது மட்டும் அந்தத் தமிழுக்கு மாறிவிடுவாள். பக்கத்தில் டிபன் கடை வைத்திருக்கும் அக்காவின் கோழி ஒருநாள் காணாமல் போனது. இவள் போய் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?"

"அடிங்க, என்னியே கேள்வி கேக்குறியா? காத்தால கூட குப்பைய கெளறிக்கினு இருந்துச்சுடி."

"யார்மீதாவது சந்தேகம் இருக்கிறதா?"

"எங்கூட்டுக்காரன் மேலதான். நேத்து சாராய நாத்தத்தோட வந்து கோழியவே உத்து உத்துப் பாத்துக்கினு இருந்தான்."

கோழி பஞ்சர் கடையின் பழைய டயருக்குள் அடைகாத்துக்கொண்டிருந்தது. கண்டுபிடித்தது என் மகள்தான். அன்றிலிருந்து தெருவுக்கே அவள் டிடெக்டிவ். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

உருக்காலைக்காரர் சட்டையைத் துவைத்தவர்களுக்குத் தெரியும், முதல் தண்ணீர் கறுப்பாக வரும், இரண்டாவது துருநிறத்தில் வரும், காலரில் வேர்வை உப்பு வெள்ளைக் கோடாக நிற்கும். சில வாரங்களாக முதல் தண்ணீரே வெறும் தெருப்புழுதி நிறத்தில் வந்துகொண்டிருந்தது. கை வலி குறைந்தது. நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தபோது மகள் வந்து நின்றாள்.

"அம்மா, நைனா சட்டையில் கரி இல்லை. கவனித்தாயா?"

"இல்லன்னா நல்லதுதானே. தேய்க்கிறவ நானு."

"காலணியிலும் இல்லை. காலரில் உப்பும் இல்லை. நைனா ஃபர்னஸுக்குப் போவதில்லை."

"பின்ன தெனம் எங்க போறாராம்?"

"அதுதான் வழக்கு."

போய்ப் படி என்று விரட்டினேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போனதை வெளியில் சொல்ல முடியாமல் தினமும் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பி, ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வரும் ஒருவரை எங்களுக்குத் தெரியும். அடுத்த தெருக்காரர். அவர் மனைவிக்கு அது தெரிய வெகுநாள் ஆனது. "வேல எப்டி போவுது?" என்று கணவரைக் கேட்டேன். "போவுது" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதில் தெரியாமல் இருக்கும்வரை பரவாயில்லை என்று தோன்றியது.

நான் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தெருவில் எல்லோரும் டீச்சர் என்பார்கள். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. சனிக்கிழமை அரை நாள் வேலை. அந்தச் சனிக்கிழமை காலை மகள் சொல்லாமலே எழுந்து, சொல்லாமலே குளித்து, எனக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"இன்று வழக்கு முடிந்துவிடும் அம்மா" என்றாள்.

"பாத்திரத்த வௌக்கி வை" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

மதியம் திரும்பி வந்தபோது டிபன் கடை அக்கா கரண்டியும் கையுமாக என்னை முறைத்துப் பார்த்தார்.

"நீ இன்னா டீச்சர், அந்தப் பக்கமா போயி இந்தப் பக்கமா வர்ற?"

"எங்கக்கா போனேன்? இப்பதான் ஸ்கூல்லேருந்து வரேன்."

"அட, கொஞ்ச நேரம் முன்னாடிமா. மெரூன் சுடிதாரு, மூஞ்ச துப்பட்டாவால கட்டிக்கினு, கழுத்துல டேக்கு மாட்டிக்கினு. சாவிய நீட்டிட்டு ஒண்ணும் பேசாம பைபாஸ் பக்கம் போனியே. ஏதோ கோவத்துல போறன்னு நான் வாயத் தொறக்கல."

சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். என் மெரூன் சுடிதார் கொடியில் இல்லை. முன்பு நான் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை பார்த்தபோது கொடுத்த அடையாள அட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதுவும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்தேன்.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பைபாஸில் நிற்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். லாரிப் புழுதிக்குப் பயந்து எல்லோரும் முகத்தைக் கட்டியிருப்பார்கள். கண் மட்டும்தான் தெரியும். கழுத்தில் ஓர் அட்டை, கையில் ஒரு சாப்பாட்டுப் பை. அட்டை காற்றில் திரும்பிக்கொண்டால் யாரும் நிமிர்த்திப் பார்ப்பதில்லை. என் பிள்ளை அந்தக் கூட்டத்துக்குள் போய் நின்றால் பெற்றவளாலேயே பிரித்தெடுக்க முடியாது.

கணவரின் கைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. உருக்காலையில் கைபேசியை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஆட்டோ பிடித்துப் போனேன். பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. நடுவே புகுந்து புகுந்து போவதற்குள் உயிர் போய்விட்டது. வாசல் காவலரிடம் கணவரின் பெயரைச் சொன்னேன், ஃபர்னஸ் பிரிவு என்றேன்.

"ஃபர்னஸ்ல அவரு இல்லியேம்மா" என்றார்.

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்பல்லாம் எடை மேடையிலதான் கீறாரு. அதோ, அந்தக் கண்ணாடி ரூமு."

மின்விசிறிக்குக் கீழே, ஒரு கணினிக்கு முன்னால் என் கணவர் உட்கார்ந்திருந்தார். லாரியின் எடையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துப்போய் வெளியே வந்தார்.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"பொண்ணக் காணோம்" என்றேன்.

சுடிதார், அட்டை, பைபாஸ் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய திட்டம் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டாம் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் பஸ்ஸில் ஏறி இந்த வாசலில் இறங்கிக்கொள்வது. முதல் ஷிஃப்ட் முடிந்து வருபவர்களில் நைனா இருக்கிறாரா என்று பார்ப்பது.

"உங்க பஸ்ஸு நம்பர ஒரு வாரமா மனப்பாடமா சொல்லிக்கினு இருந்தா" என்றேன்.

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நம்பரா? நம்பர எவன் பாக்குறான்? எனக்கே தெரியாது என் பஸ்ஸு நம்பரு."

தொழிற்பேட்டைக்கு வரும் வெள்ளை பஸ்கள் எதுவும் கம்பெனிகளுடையவை அல்ல, எல்லாம் வாடகை வண்டிகள். காலையில் ஒரு கம்பெனிக்கு ஓடுவது மதியம் வேறு கம்பெனிக்கு ஓடும். டிரைவர் முன்கண்ணாடிக்குள் வைத்திருக்கும் அட்டையை மாற்றினால் போதும், அதே வண்டி வேறு வண்டியாகிவிடும். ஏறுகிறவர்கள் அட்டையைத்தான் பார்ப்பார்கள். புத்தகத்தில் வரும் பெண் எந்த வண்டியையும் அதன் எண்ணை வைத்துத்தான் பிடிக்கிறாள். என் மகளும் எண்ணைத்தான் நம்பினாள்.

கணவர் கைபேசியை வாங்கிக்கொண்டு வந்து காலையில் ஓட்டிய டிரைவரைக் கூப்பிட்டார். எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

"மதியம் நம்ம வண்டி ஆந்திரா பக்கம்ணே. தடா தாண்டி. ஃபுல்லா லேடீஸ் கம்பெனி."

"ஒரு சின்னப் பொண்ணு ஏறுச்சாப்பா? மெரூன் டிரஸ்ஸு."

"ஆமாண்ணே, கடைசி சீட்டுல மூஞ்ச மூடிக்கினு குந்திக்கினு இருந்துச்சு. புதுசா சேந்த பொண்ணுன்னு நெனச்சேன். எல்லாரோடயும்தான் எறங்குச்சு. உள்ள போச்சா இன்னான்னு நான் பாக்கலண்ணே. ஏண்ணே, நம்ம பொண்ணா?"

கணவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

காவலர் தன் பைக் சாவியைக் கொடுத்தார். நெடுஞ்சாலையில் போனோம். எளாவூர் செக்போஸ்ட், ஆரம்பாக்கம், இரண்டு பக்கமும் லாரிகள். வழியிலிருந்த ஒவ்வொரு டீக்கடையிலும், ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் மெரூன் நிறத்தைத் தேடினேன். அந்த நிறம்தான் எத்தனை பேர் உடுத்துகிறார்கள்! எல்லை தாண்டியதும் கடைப் பலகைகள் தெலுங்குக்கு மாறின. எனக்கு அந்த எழுத்து ஒன்றும் படிக்கத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அதுவரை வராத அழுகை அங்கேதான் வந்தது. கணவர் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார்.

அந்தக் கம்பெனி வாசலில் காவல் அறை. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் என் மகள் உட்கார்ந்து, டப்பா மூடியில் புளிசாதம் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அடிக்கத்தான் கையை ஓங்கினேன். அவள் வாயில் சோறு இருந்தது.

காவலுக்கு இருந்த பெண் எழுந்து நடுவில் வந்து நின்றார். தெலுங்கும் தமிழுமாகப் பேசினார்.

"உங்க பாப்பாவா? எங்க கம்பெனி கார்டு லேதும்மா, அதான் கேட்டுல நின்னுடுச்சு. பேரு கேட்டா சொல்லல. அம்மா போன் நம்பரு கேட்டா அதுவும் சொல்லல. ஷிஃப்ட் பஸ் திரும்பும்போது ஏத்தி அனுப்பலாம்னு கூட வெச்சிக்கிட்டேன். தனியா ரோட்ல எப்படிம்மா விடறது?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி என்று சொன்னேனா என்று நினைவில்லை. மகளிடம், "நம்பர சொல்லியிருந்தா நான் அப்பவே வந்திருக்க மாட்டனா?" என்றேன்.

"நீ பயந்துடுவன்னுதான் சொல்லல."

பிறகு அப்பாவைப் பார்த்தாள். இப்போது அவளிடம் புத்தகத் தமிழ் இல்லை. அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"நைனா, நீ ஃபர்னஸ்ல இல்லதானே?"

"இல்லம்மா."

"ஏன்?"

"மயங்கி வுழுந்துட்டேன். உருக்குற எடத்துக்குக் கிட்டவே. பின்னால நின்னவன் சட்டையப் புடிச்சு இழுத்துட்டான். அவன் இழுக்கலன்னா..." அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "அப்புறம் எடை மேடைக்கு மாத்திட்டாங்க. அவ்ளோதான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா உங்கம்மா தூங்குவாளா?"

மகள் தலையாட்டினாள். "அதான் நானும்" என்றாள்.

இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். காவல் பெண்ணும் பார்த்தார். திடீரென்று நான்தான் அந்த அறையில் மாட்டிக்கொண்ட ஆள்போல இருந்தது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பில் அதற்குத் தெம்பில்லை. மூன்று பேரும் ஒரே பைக்கில், நடுவில் அவளை வைத்து நசுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பி வந்தோம்.

இதெல்லாம் நடந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது. கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது, மாத்திரை சாப்பிடுகிறார். இப்போதெல்லாம் எதையும் மறைப்பதில்லை. தலை சுற்றினால் சொல்கிறார், கால் மரத்துப்போனால் சொல்கிறார், எடை மேடை மின்விசிறி நின்றுபோனால்கூடச் சொல்கிறார். அவர் சொன்னதுபோலவே எனக்குத் தூக்கம் இல்லை.

சனிக்கிழமைகளில் மகளை என்னோடு பள்ளி அலுவலகத்துக்குக் கூட்டிப்போகிறேன். கோப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைக்கிறேன். காமிக்ஸும் கொண்டு வருகிறாள், நான் தடுக்கவில்லை. போன வாரம் புத்தகத்தை மூடிவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எத்தினி சனிக்கெழம இப்டி இட்டுக்கினு வருவ?"

"தெரியல."

"நான் எங்கியும் போவமாட்டம்மா."

"தெரியும்."

பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"இனிமே ஏதாவது ஆச்சுன்னா உங்கிட்ட சொல்லணுமா, வேணாமா?"

"சொல்லு."

"பயப்பட மாட்டியா?"

"பயப்படுவேன். நீ சொல்லு."

என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். நம்பலாமா என்று எடை போடுவது தெரிந்தது.

"கணக்குல ஃபெயிலும்மா" என்றாள். "ரெண்டு பரீட்சையிலயும்."

பேனாவை மூடி வைத்தேன்.

"சரி" என்றேன்.