தங்கச்சி பெயரை விடச் சொன்னார்கள்

என் மனைவி இறந்து மூன்று வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. பந்தல்குடியில், தூத்துக்குடி ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். பகலெல்லாம் லாரிக்காரர்களிடம் வாய் ஓயாமல் பேசுவேன். கடையைச் சாத்தினால் பேச ஆள் கிடையாது. ஒரு திங்கட்கிழமை காலை முதல் லாரிக்காரரிடம் வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. "என்ன அண்ணாச்சி, தொண்டையில பஞ்சரா?" என்றார் அவர். சிரித்தேன். உள்ளே அழுகையாக வந்தது. அன்றிலிருந்து ஒரே ஜெபம்தான்: "ஆண்டவரே, எனக்கு மனுசங்களத் தாங்க."

போன சித்திரையில் அப்பா இறந்தார். திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில், தம்பி தேவராஜ் வீட்டில் இருந்தவர். அதுவரை என்னிடம் ஒப்புக்குப் பேசிக்கொண்டிருந்த தம்பி, துக்கம் கழிந்ததும் ஞாயிறுதோறும் சாப்பிடக் கூப்பிட்டான். தம்பி மனைவி கறியை அள்ளி வைப்பாள். அவர்களுடைய சின்ன மகள் "பெரியப்பா" என்று தோளில் ஏறுவாள். ஜெபம் கேட்கப்பட்டது என்றே நினைத்தேன்.

மூன்றாவது வாரம் தம்பி சொன்னான், "பின்னாடி ஒரு ரூம்பு சும்மா கெடக்குண்ணே. வந்துரு. ஒத்தையில எதுக்குக் கெடந்து பொங்கித் திங்கிற?" எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே மூச்சில், "அப்பாவோட காட்டு நெலத்த நம்ம பேருக்கு மாத்தணும். வாரிசு சர்ட்டிபிகேட்டுக்கு எழுதிப் போட்டிருக்கேன், நாம ரெண்டு பேருன்னு. வி.ஏ.ஓ. விசாரிக்க வருவாரு. மூத்தவன் நீ ஆமான்னு சொன்னாப் போதும்" என்றான்.

நாங்கள் இரண்டு பேர் இல்லை. எனக்கும் அவனுக்கும் நடுவில் எஸ்தர் இருக்கிறாள். வேறு சாதியில் கட்டிக்கொண்டு திருப்பூர் போனவள். அப்பா அவளைக் கடைசிவரை வாசல் மிதிக்க விடவில்லை.

"அவ இருக்காளேடா" என்றேன்.

"நமக்கு அவ செத்து இருவது வருசமாச்சு."

நான் மறுக்கவில்லை. தலையை ஆட்டினேன்.

அன்று முதல் முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. மனைவி போனபோதுகூட ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார் என்று ஒரு தெம்பு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. ஒருநாள் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளதைச் சொல்லிவிட்டேன்: "ஆண்டவரே, எனக்கு அந்த வீட்டுச் சோறு வேணும். அந்தப் பிள்ள வேணும். அதுக்காகப் பொய் சொல்லவும் துணிஞ்சுட்டேன். நீங்களாப் பாத்துத் தடுத்தாத்தான் உண்டு."

விசாரணைக்கு முந்தின நாள் ஞாயிறு. மதியம் சோறு போட்டாயிற்று. "அண்ணே, நீ ஜெபம் பண்ணு" என்றான் தம்பி. சாப்பாட்டு ஜெபத்தில் குடும்பத்தார் எல்லோரையும் வயது வரிசையில் பேர் சொல்லி ஆசீர்வாதம் கேட்பது எங்கள் வீட்டு வழக்கம். முதலில் என்னைச் சொன்னேன். எஸ்தர் பேரை அப்பா காலத்திலேயே விட்டாயிற்று; அடுத்து தேவராஜ் என்று சொல்ல வேண்டும். நாக்கு நகரவில்லை. சோறு ஆறுகிறது. மூடியிருந்த கண்களைத் திறந்து என்னைப் பார்க்கிறார்கள். அவளை விட்டுவிட்டு ஆண்டவரிடம் பேச என்னால் முடியாது என்று அந்த நிமிடம் தெரிந்தது. அவரிடம் சொல்ல முடியாததை வி.ஏ.ஓ.விடம் எப்படிச் சொல்வேன்?

"எஸ்தர்" என்றேன். பிறகு மற்றப் பேர்களும் வந்தன.

சின்னவள் மட்டும் ஆமென் சொன்னாள். "யாருப்பா எஸ்தரு?" என்று கேட்டாள்.

தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு இந்தப் பேரு வரக்கூடாது" என்றான்.

"வரும்டா" என்றேன்.

மறுநாள் வி.ஏ.ஓ., "ரெண்டு பேருதானா?" என்று கேட்டார். "மூணு பேரு சார். நடுவுல ஒரு தங்கச்சி." அவர் எழுதிக்கொண்டார். அவருடைய வண்டி மறைந்ததும் தம்பி, "உனக்கு வீடு எதுக்கு? ஒத்தையிலயே கெடந்து சாவு" என்றான். அருப்புக்கோட்டையில் பஸ் மாறி வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தையும் கூடவே வந்தது.

சான்றிதழுக்கு எஸ்தரின் விலாசம் கேட்டார்கள். உறவுக்காரர் ஒருவரிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள். "அந்தக் கல்லுக்காட்டுல கருவேலங்கூடக் கோணத்தானண்ணே மொளைக்கும். எனக்கு எதுக்கு?" சிரிப்பு அழுகையானது. "நான் உசுரோட இருக்கேன்னு சொல்ல ஒருத்தராவது இருந்தீகளே, அது போதும்."

தம்பி இன்னும் பேசவில்லை. அந்தப் பிள்ளையைப் பார்த்து மாதக்கணக்காகிறது. சில நாள் நினைத்தால் சோறு இறங்காது. எஸ்தர் எப்போதாவது போன் செய்வாள். மற்றபடி நான் இன்றும் தனி ஆள்தான். ஆனால் இப்போது ஜெபிக்க முடிகிறது. ஆண்டவர் கேட்கிறார் என்று தெரிகிறது. இந்த வீட்டில் அவரோடு இருக்கிறேன். அவருக்கு ஸ்தோத்திரம்.

வாசிக்கிறவர்களில் யாராவது, சொந்தம் கைவிட்டுப் போகுமே என்று பயந்து ஒரு பொய்க்குத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். தைரியம் இல்லையென்றால், இல்லை என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் தருவார். ஆத்துமாவைக் கொடுத்து வாங்கிய இடத்தில், பத்துப் பேருக்கு நடுவே இருந்தாலும் தனிமைதான். அதை அந்தப் பந்தியில் உட்கார்ந்து அனுபவித்தவன் சொல்கிறேன். பந்தல்குடிப் பக்கம் வந்தால் இறங்குங்கள். டீ சொல்கிறேன். இரண்டு பேருமாக ஜெபிக்கலாம்.