பச்சைப் புகைக்குப் பெயர் வைத்தவர்

கோயில் படியில் பாசி படிந்தால் அம்மாக்கண்ணுவுக்குப் பொறுக்காது. கேமரன் மலைக் குளிரில் பாசிக்குக் கேட்கவா வேண்டும்? இந்தப் பக்கம் தேய்த்தால் அந்தப் பக்கம் முளைக்கும். அவள் பிழைப்பு தேயிலைக் காட்டில் கத்தரியால் கொழுந்து வெட்டுவது. ஆனால் திருவிழா வந்துவிட்டால் மாரியம்மன் கோயில் படியைக் கழுவுவது அவள் பொறுப்பு. வேறு யாரையும் துடைப்பத்தைத் தொடவிட மாட்டாள், அப்படி ஒரு பிடிவாதம்.

இந்த வருடம் பாசி லேசில் அசையவில்லை. துணி வெளுக்கும் பிளீச் தண்ணீரை வாளியில் ஊற்றினாள். அது போதாதென்று கழிவறை கழுவும் ஆசிட்டையும் அதிலேயே கவிழ்த்தாள். ஒன்று அழுக்கைப் போக்கினால் இரண்டும் சேர்ந்து இன்னும் நன்றாகப் போக்கும் என்பது அவள் கணக்கு. தோட்டத்து லைன் வீடுகளில் பாதிப் பேருக்கு அதே கணக்குதான், மாட்டிக்கொண்டவள் இவள். வாளியிலிருந்து இளம்பச்சையாகப் புகை எழுந்தது. கண் எரிந்தது, மூச்சு அடைத்தது. படியிலேயே சுருண்டு விழுந்தவளை லோரியில் தூக்கிப் போட்டுத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். ஆனால் பார்க்க வந்த பக்கத்து வீட்டுத் தங்கம்மா, ரொட்டிப் பொட்டலத்தோடு ஒரு குண்டையும் போட்டுவிட்டுப் போனாள்.

"ஆசிட்லேருந்து பச்சையா புகை வருமா? எங்கேயாச்சும் கேட்டிருக்கியாடி? ஆத்தாவுக்கு என்னமோ குறை வச்சிட்ட. இந்த வருசம் பால்குடம் எடுக்காத லா."

அந்தப் பால்குடம், மகள் வசுமதிக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று நேர்ந்து, ஆனபின் செலுத்த வேண்டியது. அம்மாக்கண்ணு அன்று சாப்பாட்டைத் தொடவில்லை. மூச்சு அடைத்தபோதுகூட அவள் இவ்வளவு பயப்படவில்லை. கழுவிய படியிலேயே ஆத்தா தன்னைத் தள்ளிவிட்டாளே என்று அழுதாள். பாவம், இது அவளுக்கு வரவேண்டிய துக்கமே இல்லை.

மருந்து கொடுக்க வந்த நர்ஸ் யுவனேஸ்வரி தட்டைப் பார்த்தாள். "ஏம்மா சாப்பிடல?"

"நான் பாத்தது பச்சைப் புகைம்மா. ஆத்தாவுக்குக் கோவம்."

நர்ஸ் கேலி செய்யவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். "அது குளோரின்மா. வெளுக்கிற தண்ணியில ஆசிட் ஊத்துனா அந்த கேஸ் வரும், விஷம். அந்தப் பேருக்கு என்னா அர்த்தம் தெரியுமா? பழைய கிரேக்க பாஷையில இளம்பச்சை. லேசா மஞ்சள் கலந்த பச்சை, நீங்க வெட்டுற கொழுந்து மாதிரி."

"யாரு வச்ச பேரு?"

"இருநூறு வருசத்துக்கு முன்ன ஒரு வெள்ளைக்காரரு. அதோட நிறத்தப் பாத்து வச்சிட்டாரு."

அம்மாக்கண்ணு எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப அவரும் பாத்திருக்காரா?"

"பாக்காமயா பேரு வைப்பாரு?"

"அவரு எந்த ஆத்தாவுக்குக் குறை வச்சாரு?"

நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மாக்கண்ணுவும் சிரித்தாள். சிரித்தால் நெஞ்சு வலித்தது, இருந்தும் சிரித்தாள். பிறகு தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

திருவிழா அன்று பால்குடத்தோடு வந்தவளைப் பார்த்ததும் படிக்குக் கீழே கூட்டம் முணுமுணுத்தது. அவள் நின்று எல்லாரையும் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். "ஆத்தா கோவம் இல்ல, என் புத்தி கெட்ட வேலை. அந்தப் புகைக்குப் பேரு குளோரின். பச்சைன்னு அர்த்தம். வீட்டுல யாரும் ரெண்டையும் கலக்காதீங்க, செத்துருவீங்க."

தங்கம்மா கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அம்மாக்கண்ணு ஏறினாள். நெஞ்சு இன்னும் பழையபடி ஆகவில்லை, பாதிப் படியில் மூச்சு வாங்கியது, குடம் ஆடியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, இரண்டு கையாலும் குடத்தைத் தாங்கியவள் தங்கம்மாதான்.

"மெதுவா ஏறுடி. ஆத்தா எங்கயும் போயிட மாட்டா லா."