அவள் விரலில் ஏறிய ஊசி

எழுபதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் பின்னால் பழைய கிடங்கொன்றில் இயங்கிய ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சினைப்பசு மாதம் நிறையும் முன்பே கன்றை வீசிவிடும் நோய்க்குத் தடுப்பூசி மருந்து செய்துகொண்டிருந்தோம்.

அதே வாரம் திருப்பூணித்துறையிலிருந்து இன்னொருத்தியும் சேர்ந்தாள். அவள் வீட்டிலும் தமிழ்தான். ஒரே வயது, ஒரே படிப்பு. எனக்கு வந்தது உருளைக்கிழங்கு: வேகவைத்து, வடித்து, கிருமி வளர்வதற்கான கூழாக்கித் தட்டுகளில் ஊற்றுவது. அவளுக்கு, அந்தத் தட்டுகளில் வளர்ந்ததைப் பார்க்கும் வேலை. சாய்வான வெளிச்சத்தில் நீலம் பாய்ந்து வழவழப்பாகத் தெரிந்தால் மருந்துக்கு ஆகும். மஞ்சளித்துச் சொரசொரத்தால் ஆகாது. ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். ஆய்வுக்கூடத்தை நடத்திய டாக்டர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்வார். என் பெயர் ஆறு மாதமாகியும் அவருக்கு நினைவில் நிற்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் நானும் அவள் மேசையில் குனிந்து பார்ப்பேன். "இருந்து பாரு, நான் சாயா குடிச்சிட்டு வர்றேன்" என்று எழுந்து இடம் விடுவாள். அந்தத் தாராளம்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

ஒருநாள் இடக்கொச்சியில் கிடேரிக் கன்றுகளுக்கு ஊசி போட இருவரும் போனோம். ஒரு கன்று துள்ள, ஊசி அவள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. அந்த மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. வீரியம் குறைத்ததுதான், கன்றுக்கு ஒன்றும் செய்யாது, மனிதரை மாதக்கணக்கில் காய்ச்சலில் போடும். விரலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு அவள் சொன்னாள்: "டாக்டர்கிட்ட சொல்லாதே, கேட்டியா? அப்புறம் என்னை அந்த மேசைல இருத்தமாட்டார்."

சரி என்றேன். மறுநாள் காலை டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் எனக்கு இருந்தது, பொய்யில்லை. ஆனால் மாடிப்படி ஏறும்போது நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்த மேசையைத்தான்.

அன்றே அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வாரக்கணக்கில் மாத்திரை. காய்ச்சல் லேசாக வந்தது, மூட்டு வலித்தது, பிறகு விட்டது. அவள் அம்மா ஒரு டப்பா நிறைய முறுக்கோடு வந்து என் கையைப் பிடித்து அழுதார். "நீ சொன்னதாலதான் என் மகள் தப்பிச்சா." என்னால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேசை எனக்கு வந்தது. திரும்பி வந்தவளுக்கு, பக்கத்து அறையில் மாடுகளின் ரத்தம் சோதிக்கும் வேலை. சில நாள் அவள் என்னிடம் பேசவில்லை. ஒரு மாலை படகுக்கு நிற்கும்போது அவளே தொடங்கினாள்.

"எனக்கு தேஷ்யம் ஒண்ணும் இல்லைடீ. உனக்கு அந்த மேசை வேணும்னு எனக்கு முதல்லயே தெரியும்."

"பின்னே எதுக்கு என்கிட்ட சொன்னே?"

"நீதானே பக்கத்துல நின்னே? வேற யார்கிட்ட சொல்ல?"

படகு வந்தது, ஏறிப் போய்விட்டாள். இப்படிக் கோபமில்லாமல் பேச அவளால் முடிகிறதே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

பதினோரு வருடம் அந்த மேசையில் இருந்தேன். ஒரு தட்டில் சந்தேகம் வந்தால் டாக்டர் பக்கத்து அறையைப் பார்த்துத்தான் குரல் கொடுப்பார். அவள் வந்து, நின்றபடியே பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். ஒரு தடவையாவது அவள் சொன்னது தப்பாகட்டும் என்று நான் காத்திருந்தேன். தப்பாகவே இல்லை.