செல்லத்தாயக்காவும் பிளாஸ்டிக் புல்லுக்கடியில் இருந்த கிணறும்

போன திங்கட்கிழமை காலை, சின்னமனூரில் கம்பி கட்டும் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது செல்போன் அடித்தது. செல்லத்தாயக்காவின் மகள். "மாமா, அம்மா தவறிட்டாக," என்றாள். என் கட்டட வேலைகளில் இருபது வருடம் சித்தாளாக இருந்தவர் அக்கா. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது பயம். ஒரு விஷயம் தெரிந்த இரண்டு பேரில் இனி நான் மட்டும்தான் மிச்சம்.

அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆண்டிபட்டிப் பக்கம் பிறந்து ஓடைப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவர். என்னைவிட இரண்டு வயது மூப்பு. ஆள் குள்ளம், குரல் மூன்றாவது மாடிக்குக் கேட்கும். நான் முன்கோபக்காரன், வேலையிடத்தில் யாரையும் ஏசிவிடுவேன். அக்காவை ஏசினால் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "முடிச்சிட்டீகளா தம்பி? இனி வேலையப் பாக்கலாமா?" என்பார். ஒருமுறை குடித்துவிட்டு வந்த கொத்தனாரைச் சாரத்தில் ஏறவிடாமல், ஏணியையே தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அந்த ஆளின் உயிர் அக்கா போட்ட பிச்சை.

இரண்டாயிரமாவது வருடம் வாக்கில் ஓடைப்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்தை வீட்டுமனை போட்டார்கள். நிலத்தைச் சமன் செய்யும் வேலை எனக்கு வந்தது. நடுவில் வற்றிப்போன கிணறு ஒன்று. எங்கள் பக்கத்தில் கிணற்றைத் தூர்க்க யாருக்கும் மனம் வராது. தூர்த்தால் வம்சம் தூர்ந்துபோகும் என்பார்கள். நிலத்துக்காரரும், "தூத்துராதீக, மேல மட்டும் மூடிருங்க," என்றார். எனக்கும் வேலை மிச்சம். பனங்கட்டைகளைக் குறுக்கே அடுக்கி, பலகைக்கல் பரப்பி, நாலடிக்கு மண் போட்டு, எலுமிச்சம்பழம் அறுத்து வைத்துவிட்டு வந்தோம்.

"பனங்கட்ட எத்தன வருசம் தம்பி தாங்கும்?" என்று அக்கா கேட்டார்.

"நம்ம காலத்துக்குத் தாங்கும்," என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

மூன்று வருடத்துக்கு முன், மலையில் தேயிலை எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அந்த மனைகளில் ஒன்றில் கட்டியிருந்த வீட்டை வாங்கினார். கோல்ஃப் பைத்தியம். பந்தைக் குச்சியால் மெல்லத் தட்டிக் குழியில் விழவைத்துப் பழக, வீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் புல்தரை போட்டுத்தரச் சொன்னார். பெங்களூரிலிருந்து புல் பாய்போலச் சுருட்டி லாரியில் வந்தது. அக்கா அதைத் தடவிப் பார்த்தார். "தண்ணி வேணாம், உரம் வேணாம், மாடும் திங்காது. இதுக்கு எதுக்கு இம்புட்டு மெனக்கெடு?" என்றார். எஸ்டேட்காரரே சிரித்துவிட்டார்.

மெனக்கெடு உண்மைதான். அரையடி தோண்டி, ஜல்லி பரப்பி, அதன்மேல் பாறைத்தூள் போட்டு, தண்ணீர் தெளித்து, மெஷினால் இறுக்க வேண்டும். தரை இம்மி பிசகினாலும் பந்து கோணிக்கொண்டு ஓடும். தோட்டம் அழிந்து, பம்புசெட் அறை இடிந்து, அடையாளமே இல்லை. கிணறு தெருவுக்கு அடியில் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் தெளித்தபோது ஓர் இடத்தில் மட்டும் நிற்கவே இல்லை. குடம் குடமாக ஊற்றியும் உள்ளே போனது. அந்த ஈரமும் வட்டமாக இருந்தது.

அக்கா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "தம்பி, மெஷின நிறுத்தச் சொல்லுங்க. நம்ம கெணறு."

"சும்மா இருங்கக்கா. பாறைத்தூள் எறங்குது, அம்புட்டுத்தான்."

"நீங்க சொல்லுறீகளா, நான் சொல்லவா?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். அதற்குள் எஸ்டேட்காரர் குச்சியும் பந்துமாக வந்து, சரியாக அந்த ஈரத்தின்மேல் நின்றார். என் வாய் திறக்கவில்லை. திறக்கவே இல்லை என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும்.

அக்கா கத்தவில்லை. "ஐயா, அசையாம கேளுங்க. அங்கன அடியில கெணறு இருக்கு. மூடுனது நாங்கதான். ஒவ்வொரு அடியா எங்கிட்ட வாங்க," என்று கையை நீட்டினார். அவர் அந்தக் கையைப் பிடித்து வெளியே வந்தார். பிறகு கடப்பாரையால் குத்திப் பார்த்தோம். இரண்டாவது குத்தில் கடப்பாரை கையைவிட்டு உள்ளே போய்விட்டது. அது அடியில் விழுந்த சத்தம் வருவதற்குள் நான் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

அடிவரை கல்லும் மண்ணும் கொட்டித் தூர்த்தோம். யார் வம்சமும் தூர்ந்துபோகவில்லை. புல்தரையும் நன்றாக அமைந்தது. ஆனால் 'நாங்கதான்' என்பதை எஸ்டேட்காரர் கூலியாட்கள் என்று எடுத்துக்கொண்டார். "அந்தம்மா இனி இங்க வேலைக்கு வரவேண்டாம்," என்றார். நானும் சரி என்றேன். அக்காவை நிறுத்தினேன்.

அக்கா கோபப்படவில்லை. "அது கெடக்கு. அதே வருசம் மேக்க ஒரு தோட்டத்துலயும் இப்பிடித்தான மூடுனோம்? அங்கயும் வீடு வந்திருச்சு. இப்ப நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். போய்ச் சொல்லிருங்க," என்றார்.

சொல்லவில்லை. மூன்று வருடமாக மழை பெய்த மறுநாளெல்லாம் அந்த வீட்டுப் பக்கம் பைக்கில் போய், ஆட்கள் நடமாடுகிறார்களா என்று பார்த்துவிட்டு வருவேன். போன மாதம் ஆஸ்பத்திரியில் அக்கா கேட்டார்: "சொல்லியாச்சா தம்பி?" "சொல்லிட்டேன்க்கா," என்றேன். "நல்லது," என்று கண்ணை மூடிக்கொண்டார். சாகக் கிடந்தவரிடம் பொய் சொன்ன வாய் இது.

அக்காவுக்குக் கொள்ளி வைத்ததும் சுடுகாட்டிலிருந்து குளிக்காமல் நேரே அந்த மேற்குத் தோட்டத்து வீட்டுக்குப் போனேன். குளித்தால் வீட்டில் உட்கார்ந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா, "உள்ள வாங்கண்ணே," என்றார்.

"வரல தாயி, கேதத்துல இருந்து வாரேன்," என்று வாசலுக்கு வெளியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மூடியது நான் என்பதையும் சொன்னேன். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. கையிலிருந்த ஈரத்துணியைப் போட்டுவிட்டு, வீட்டுக்குள் இருந்தவர்களை ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கூப்பிட்டார். மாமனார், புருஷன், இரண்டு பிள்ளைகள். சுவரை ஒட்டி நடந்து ஒவ்வொருவராகத் தெருவுக்கு வந்தார்கள். அந்த அம்மாவோடு ஐந்து பேர். எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா, இப்போதுதான் சொன்னேன். நிம்மதியாகப் போய்வாருங்கள்.