நான் போட்ட மூன்று நட்சத்திரம்

“நவம்பர், இரண்டாம் சனி. காலை முதல் மழை. தலை அலசிவிடுபவர் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்தார். மூன்று நட்சத்திரம் போட்டேன். அவள் ஐந்து விரல்களைக் காட்டினாள். மின்விசிறியை ஐந்தில் வைத்தேன்.” என் நாட்குறிப்பில் அன்றைக்கு இருப்பது இவ்வளவுதான்.

அவள் என் மனைவி. பக்கவாதத்தில் பேச்சும் வலப்பக்கமும் போய்ப் படுக்கையில் இருந்தாள். மாதம் இரண்டு முறை தலை அலசிப் பின்னிவிட, கைப்பேசிச் செயலி வழியாக ஒரு பெண்ணை வரவழைத்தேன். வண்ணார்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். வெந்நீரை முதலில் தன் முழங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் அவள் தலையில் ஊற்றுவார். “அம்மா, பொண்ணு பாக்க வாராங்க, அசையாம இருங்க” என்பார். கோணிய வாயால் என் மனைவி சிரித்தது அந்த நாட்களில் மட்டும்தான்.

வேலை முடிந்ததும் செயலி மதிப்பீடு கேட்கும். நான் பாளையங்கோட்டையில் தமிழாசிரியராக இருந்தவன். கட்டுரைக்கு முழு மதிப்பெண் போட்டதே இல்லை. ஐந்துக்கு மூன்று என்பது என் கையில் நல்ல மதிப்பெண். பத்து வரி மனதாரப் பாராட்டி எழுதி, மனைவிக்கு வாசித்துக்காட்டி, மூன்று போட்டு அனுப்புவேன்.

அக்டோபரில் ஒருநாள், வாசலில் செருப்பை மாட்டியபடி அவர் கேட்டார்: “சார், இவ்வளவு எழுதுதீங்க, அந்த ரெண்ட மட்டும் எதுக்குப் பிடிச்சு வச்சிருக்கீங்க?”

“நான் நாலு போட்டதே ஒண்ணு ரெண்டு பேருக்குத்தாம்மா.”

“சரியாப் போச்சு! நான் பரீட்சை எழுதவா வாரேன்?”

சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்தேன்.

டிசம்பரில் வேறொரு பெண் வந்தார். “அந்த அக்காவ எடுத்துட்டாங்க சார். நட்சத்திரம் கொறஞ்சா வேல வராது.”

“நான் பாராட்டித்தானே எழுதியிருந்தேன்?”

“எழுதுனத யாரு படிக்கா? நம்பரத்தான் பாக்காங்க.”

அன்றே நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். போட்டதை இனி மாற்ற முடியாது என்றார்கள். வண்ணார்பேட்டையில் அழகு நிலையங்களில் ஏறி இறங்கி விசாரித்தேன். அவர் கிடைக்கவில்லை. புதிதாக வந்தவர் தலையைத் தொட்டாலே என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசி வாரங்களில் நான்தான் சிக்கெடுத்தேன். வலித்திருக்கும். மார்ச்சில் போய்விட்டாள்.

இப்போது நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தை அடிக்கடி புரட்டுகிறேன். மழை என்று நானே எழுதியிருக்கிறேன். எழுதாத ஒன்றும் நினைவிருக்கிறது: மின்விசிறி வேகமெடுத்ததும் அவள் இடக்கையால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். அந்த ஐந்து விரல்களும் காற்றுக்காகக் காட்டியவையா, அந்தப் பெண்ணுக்காகவா? கேட்டுத் தெளிய அவள் இல்லை. ‘உறுதி செய்யப்படவில்லை’ என்று பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன்.