தங்கமணி அக்கா பார்த்த சமையலறைகள்

கூடலூரில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தோம். கொத்தனாருக்குப் போன் வந்தது. பேசிவிட்டு என்னிடம் வந்தார்.

"தங்கமணி அக்கா போயிட்டாகளாம் சார். காலைல, தூக்கத்துலயே."

கலவை பாதி கொட்டியாகிவிட்டது. தளத்தைப் பாதியில் நிறுத்த முடியாது. முடித்துவிட்டுத்தான் கம்பத்துக்குக் கிளம்பினேன். அக்காவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அவரை அறிந்த உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கம்பத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தார். எந்த வீட்டில் எத்தனை லிட்டர் குக்கர், யார் வீட்டு இட்லிக் கொப்பரை பெரியது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பாத்திரம் வாங்க வந்தவர்கள், "புதுசா கிச்சன் கட்டுறோம், இதெல்லாம் எங்கன வைக்கலாம்க்கா?" என்று கேட்கப்போய், நாளடைவில் வீடு வீடாகச் சென்று யோசனை சொல்பவராகிவிட்டார். படித்துப் பட்டம் வாங்கிய இன்ஜினியர் நான். இந்த அம்மாளுக்கு இங்கே என்ன வேலை என்று எனக்கு எரிச்சல்தான்.

முதலில் மோதியது ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில். என் வரைபடத்தை மேசையில் விரித்தேன். அக்கா அதைப் பார்க்கவே இல்லை. டேப்பும் கோலமாவும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். நான் வரைந்த சமையலறையை நிஜ அளவிலேயே தரையில் கோடு போட்டார். அடுப்பு இங்கன, தொட்டி அங்கன, பிரிட்ஜ் இங்கன. பிறகு வீட்டுக்கார அம்மாவை உள்ளே நிறுத்தி, "சாம்பார் வையிம்மா" என்றார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே இல்லாத பருப்பைக் கழுவி, இல்லாத அடுப்பில் வைத்தார். அவருடைய மாமியாரும் உள்ளே வந்து இல்லாத பிரிட்ஜைத் திறந்தார். இருவரும் முட்டிக்கொண்டார்கள்.

"பிரிட்ஜத் தொறந்தா அடுப்புல நிக்கிறவ முதுகுல இடிக்குதே சார். நீங்க ஒரு நாளாச்சும் சமைச்சிருக்கீகளா?"

கீழே போய் வரைபடத்தில் பிரிட்ஜை இடம் மாற்றினேன்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். உள்ளே பளபளவென்று ஒரு மாடுலர் கிச்சன். அதில் பாலைக் காய்ச்சுவதோடு சரி. மீன் குழம்பும் வறுவலும் கொல்லைப்புறக் கொட்டகையில். அப்படி ஒரு கொட்டகையை, மலை தெரியட்டுமே என்று மேற்கே திறந்து கட்டிக் கொடுத்தேன். ஆடி பிறந்ததும் குமுளிப் பக்கமிருந்து காற்று இறங்கியது. விறகுப் புகை மொத்தமும் ஹாலுக்குள். அக்கா வந்து முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். "மலையப் பாக்கணும்னா மாடிக்குப் போகட்டும். அடுப்புக்கு எதுக்கு சார் மலை?" மேற்கே சுவர் வைத்தேன்.

அவரும் தப்பு செய்ததுண்டு. வருசநாட்டில் ஒரு வீட்டில், அவர் சொல்லி வைத்த பெரிய ஜன்னல் வழியாகச் சாரல் முழுவதும் அடுப்பு மேல் அடித்தது. "ஆமா, தப்புதான். அடைச்சிருங்க" என்றார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. இப்படி ஒப்புக்கொண்ட இன்ஜினியரை நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

என் மனைவி வசந்திக்கு மூன்று வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கம்பை ஊன்றி நாலு எட்டு நடப்பாள், அவ்வளவுதான். சமையலுக்கு ஆள் வைப்பது, அந்த ஆளுக்குத் தோதாகச் சமையலறையை மாற்றுவது, வசந்திக்கு ஹாலில் ஒரு கட்டில் என்று நானே முடிவு செய்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

யோசனை கேட்க அக்காவை அழைத்தேன். வந்தவர் வசந்தியிடம் போய், "ஏத்தா, எனக்கு ஒரு டீ போட்டுத் தர்றியா?" என்றார்.

"அக்கா, அவளால முடியாது."

"ஒங்ககிட்ட கேக்கல சார். வெளிய போயி உக்காருங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாசலில் உட்கார்ந்தேன். உள்ளே பாத்திரம் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. எழுந்தேன். "உக்காருங்க" என்று உள்ளிருந்தே குரல் வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டபோது, அரை டம்ளர் டீயை அக்கா குடித்துக்கொண்டிருந்தார். வசந்திக்கு முகமெல்லாம் வேர்வை.

"சர்க்கரை டப்பாவ ஒசரத்துல வச்சிருக்காக. எட்டல. அந்த மேடையும் ஒசரம், நிக்க முடியல" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவள் எதையாவது குறை சொன்னது அன்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அவளே சொல்றா பாருங்க. எழுதிக்கங்க சார்" என்றார் அக்கா.

எழுதிக்கொண்டேன். உட்கார்ந்து சமைக்கிற உயரத்துக்கு மேடை இறங்கியது. எல்லாம் இடது கைப்பக்கம் வந்தன. காய் உருளாமல் குத்தி நிறுத்த, இரண்டு ஆணி அடித்த பலகை. கொல்லைப் படிக்கட்டை இடித்துவிட்டுச் சரிவு. ஆரம்பத்தில் சாம்பாரில் உப்பு இருந்தால் புளி இருக்காது. இருந்ததை ஊற்றிச் சாப்பிட்டேன். சமையலுக்கு ஆள் கடைசிவரை வைக்கவே இல்லை.

அக்கா போன அன்று மதியம் நான் வீட்டுக்கு வந்தபோது வசந்தி ஏற்கெனவே சமையலில் இருந்தாள். துக்க வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். வேண்டியவர்கள்தான் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். ஓட்டலில் சொல்லிவிடலாமே என்றேன்.

"சோறு வடிக்க மட்டும் ஒரு கை குடுங்க. பத்துப் பேருக்குத்தான, நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

சாப்பாட்டோடு வசந்தியும் அக்கா வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் எடுத்துவிட்டு வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அக்காவின் கணவர் முதலில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு ரசம் கேட்டு வாங்கினார். இன்னொரு தடவையும் கேட்டார்.

"யாரு வச்ச ரசம்த்தா இது?"

"நான் வச்சதுண்ணே" என்றாள் வசந்தி.

தங்கமணி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: என் மனைவியால் என்ன முடியும் என்பதை என் மனைவியிடம் கேட்பது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஐம்பத்திரண்டு வயது ஆக வேண்டியிருந்தது.